92ஆம் எண் பிறந்த கதை

1967. லண்டனில் இருந்த டெக்கா இசைத்தட்டு நிறுவனத்துக்கு அவசரமாக ஒரு மாதிரித் தட்டு தேவைப்பட்டது. ஸ்டீரியோவில் புதிய ஒலிப்பதிவு முறை ஒன்றை அவர்கள் கொண்டுவந்திருந்தார்கள். செவ்வியல் இசை கேட்பவர்கள் ஸ்டீரியோவுக்கு மாறிவிட்டார்கள். பாப் இசை கேட்கும் இளைஞர்களைத்தான் இனி இழுக்க வேண்டும். ட்வோர்ஷாக்கின் ‘நியூ வேர்ல்டு’ சிம்பொனியை ஒரு ராக் குழுவை வைத்து வாசிக்கவிட்டால் இரண்டு தரப்பும் வாங்கும் என்று கணக்குப் போட்டார்கள். குழுவும் கைவசம் இருந்தது. ‘மூடி ப்ளூஸ்’ என்ற அந்தக் குழுவுக்கு முன்பு ஒரே ஒரு பெரிய வெற்றி. பிறகு வரிசையாகத் தோல்வி, நிறுவனத்துக்குக் கடன் பாக்கி வேறு. மறுக்கிற நிலைமையில் அவர்கள் இல்லை. ஆனால் ஸ்டூடியோக் கதவு சாத்தப்பட்டதும் விஷயம் வேறு பக்கம் திரும்பியது.

ட்வோர்ஷாக்கை ஓரமாக வைத்துவிட்டு, விடியலில் தொடங்கி இரவில் முடியும் ஒரு நாளைப் பற்றித் தாங்களே எழுதிய பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே பீட்டர் நைட்டின் வாத்தியக் குழு இட்டு நிரப்பியது. மூடி ப்ளூஸ்காரர்கள் பின்னாளில் சொன்ன கதை இது. அன்று ஒலிப்பதிவு அறையில் இருந்தவர்களிலேயே மறுப்பவர்களும் உண்டு. எப்படியானாலும் 1967 நவம்பரில் ‘டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்’ என்ற தட்டு வெளிவந்தது. அதில் ஒரு புதுச் சிக்கல் இருந்தது. கடையில் பாப் அடுக்கு இருந்தது, ஜாஸ் அடுக்கு இருந்தது, செவ்வியல் அடுக்கு இருந்தது. இந்தத் தட்டு மூன்றிலும் பொருந்தவில்லை. சரக்கு பிறந்துவிட்டது; பெயர் பிறக்கவில்லை.

பெயர் வந்த இடம் யாரும் எதிர்பார்க்காதது. இங்கிலாந்தின் கேன்டர்பரி ஊர் இளைஞர்கள் நால்வர் ‘கேரவன்’ என்ற பெயரில் 1968இல் தங்கள் முதல் தட்டைப் பதிவு செய்தார்கள். வெளியிட்டது அமெரிக்காவின் வெர்வ் நிறுவனம். ஜாஸ் இசைக்குப் பேர்போன நிறுவனம் அது. பிரிட்டிஷ் குழு ஒன்றை அது எடுத்தது அதுவே முதல் முறை. புதுக் குழு, புது ஓசை, வாங்குபவருக்கு என்னவென்று சொல்வது? தட்டின் உறையில் அச்சான அறிமுகக் குறிப்பு இவர்களைப் புதிய தலைமுறையின் ‘புரோக்ரசிவ் ராக்’ குழுக்களில் ஒன்று என்று சேர்த்துச் சொன்னது. ‘புரோக்ரசிவ்’ என்ற அடைமொழி ஒன்றும் புதிதல்ல. 1940களிலேயே ஸ்டான் கென்டன் என்ற அமெரிக்கர் தன் வாத்தியக் குழுவின் இசையைப் ‘புரோக்ரசிவ் ஜாஸ்’ என்று சொல்லி விற்றிருந்தார். பழைய அடைமொழி புது ராக்கோடு சேர்ந்து ஓர் உறையில் அச்சேறியது இப்படித்தான். அதற்குப் பிறகு நடந்ததுதான் துரதிருஷ்டம்: வெர்வைக் கையில் வைத்திருந்த எம்ஜிஎம் தன் பிரிட்டிஷ் இசைத்தட்டுக் கிளையை மூடிவிட்டது. பெயரைச் சுமந்த தட்டு கடைகளிலிருந்து மறைய, குழு நடுத்தெருவில் நின்றது.

தட்டு போனாலும் பெயர் போகவில்லை. பெரிய நிறுவனங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. 1969இல் இஎம்ஐ ‘ஹார்வெஸ்ட்’ என்றொரு கிளையைத் திறந்தது, பிலிப்ஸ் ‘வெர்டிகோ’வைத் திறந்தது, அடுத்தடுத்துப் பை நிறுவனம் ‘டான்’, ஆர்சிஏ ‘நியான்’ என்று ஆளுக்கொரு கடை விரித்தார்கள். காரணம் இசையில் இல்லை, வியாபாரத்தில் இருந்தது. மூன்று நிமிடப் பாட்டு ஒன்றைச் சின்னத் தட்டில் விற்பதைவிட, பக்கத்துக்கு 20 நிமிடம் ஓடும் பெரிய தட்டில் லாபம் அதிகம். கல்லூரி மாணவர்கள் பெரிய தட்டுதான் வாங்கினார்கள். பெரிய தட்டு வாங்குபவருக்கான ராக் எதுவோ, அது புரோக்ரசிவ் ராக். அன்றைய இலக்கணம் அவ்வளவுதான். அதனால்தான் 1970 பிப்ரவரி 13இல் வெர்டிகோ வெளியிட்ட ஒரு தட்டும் அதே கூடையில் விழுந்தது. அந்தக் குழுவின் பெயர் பிளாக் சபாத். இன்று ஹெவி மெட்டலின் மூலவர்கள் என்று உலகம் கொண்டாடும் அதே குழு. கூடை எவ்வளவு தளர்ந்து கிடந்தது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். அதை இறுக்கிக் கட்ட ஒரு கேலி தேவைப்பட்டது.

‘ஜெத்ரோ டல்’ குழு 1971இல் வெளியிட்ட ‘அக்வாலங்’ தட்டை, ஆரம்பம் முதல் இறுதி வரை ஒரே கருவைச் சொல்லும் காவியத் தட்டு என்று விமர்சகர்கள் எழுதினார்கள். அது தனித்தனிப் பாட்டுகளின் தொகுப்பு என்று குழுத் தலைவர் இயன் ஆண்டர்சன் சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. ‘காவியம்தானே வேண்டும், இந்தாருங்கள்’ என்று 1972இல் ‘திக் ஆஸ் எ ப்ரிக்’ வந்தது. தட்டு முழுக்க ஒரே பாட்டு, 40 நிமிடத்துக்கு மேல். வரிகளை எழுதியது எட்டு வயதுச் சிறுவன் என்று ஒரு கட்டுக்கதை. உறையே ஒரு போலிச் செய்தித்தாள். காவியத் தட்டுகளைக் கிண்டல் செய்ய எடுத்த அந்தத் தட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. அதோடு நிற்கவில்லை. புரோக்ரசிவ் ராக் என்றால் என்ன என்று கேட்டால் எடுத்துக்காட்டும் தட்டுகளில் ஒன்றாக அதுவே நிலைத்துவிட்டது. கேலி செய்யப்போனது இலக்கணமாகிவிட்டது. அடுத்த ஆண்டு அந்த இலக்கணத்துக்குள் நம் சாத்திரங்களே வந்து சேர்ந்தன.

‘யெஸ்’ குழுவின் பாடகர் ஜான் ஆண்டர்சன் 1973இல் டோக்கியோ விடுதி அறையில் பரமஹம்ச யோகானந்தரின் ‘ஒரு யோகியின் சுயசரிதம்’ நூலைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்தின் அடிக்குறிப்பு அவரைப் பிடித்து நிறுத்தியது: சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம் என்று சாத்திரங்கள் நால்வகை. நாலு வகை, இரட்டைத் தட்டுக்கும் நாலு பக்கம். பக்கத்துக்கு ஒன்றாக நாலு நீண்ட பாட்டுகள் பிறந்தன. ‘டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்’ என்ற அந்தத் தட்டு குழுவையே பிளந்தது. கீபோர்டு வாசித்த ரிக் வேக்மனுக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. மான்செஸ்டர் கச்சேரியில், தனக்கு வேலை இல்லாத நீண்ட இடைவெளியில், மேடையிலேயே உட்கார்ந்து இந்தியச் சாப்பாடு சாப்பிட்டார். சுற்றுப்பயணம் முடிந்ததும் குழுவை விட்டு விலகினார். வகையின் எல்லை எது என்று அதுவரை யாருக்கும் தெரியவில்லை. அந்த மேடையில் தெரிந்துவிட்டது. மூன்றே வருடத்தில் பங்க் இளைஞர்கள் அந்தப் பெயரையே வசைச்சொல்லாக்கினார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நீளமான பாட்டு, பாட்டின் நடுவே மாறும் நடை, ஒற்றைப்படை எண்ணிக்கையில் தாளம் என்பவைதான் விமர்சகர்கள் வகுத்த அடையாளங்கள். 1973இல் பிங்க் ஃப்ளாய்டின் ‘மணி’ பாட்டு ஏழு எண்ணிக்கையில் நடந்தது அவர்களுக்கு வியப்பு. மயிலாப்பூர் சபாவில் சாயங்காலக் கச்சேரிக்கு வந்து உட்காரும் ரசிகருக்கு ஏழு என்பது மிஸ்ர சாபு, ஐந்து என்பது கண்ட சாபு. தொடையில் கை தானாகப் போடும் கணக்கு. ராகம் தானம் பல்லவி ஒரு மணி நேரம் ஓடினாலும் யாரும் அதைப் புரட்சி என்று சொல்வதில்லை. ஒரு வகையின் இலக்கணம் இசைக்குள் மட்டும் இருப்பதில்லை, கேட்பவரின் பழக்கத்திலும் இருக்கிறது. அந்தப் பழக்கங்கள் இரண்டும் நேருக்கு நேர் மோதும் நாள் வந்தது.

மோதலுக்கு மேடை போட்டது அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகம். 1960களின் தொடக்கத்தில் அங்கே ராபர்ட் பிரவுன் என்ற பேராசிரியர் இருந்தார். மிருதங்கம் பயின்றவர், தென்னிந்திய மிருதங்கத்தைப் பற்றியே முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தவர். டி. ரங்கநாதன், ராம்நாட் ராகவன் போன்ற மிருதங்க வித்வான்கள் அங்கே ஆசிரியர்களாக இருந்தார்கள். பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி அங்கே ஆடியும் கற்பித்தும் இருக்கிறார். எல்லா நாட்டு இசையையும் சமமாக வைத்துக் கற்பிக்கும் தன் திட்டத்துக்கு பிரவுன் ‘வேர்ல்டு மியூசிக்’ என்று பெயர் வைத்தார். பிற்காலத்தில் உலகமெங்கும் பரவிய அந்தப் பெயரின் தொட்டிலில் மிருதங்க ஒலி கேட்டது என்பதைத் தமிழர்களே அதிகம் அறியவில்லை. அதே வெஸ்லியனில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றுக்கொள்ள வந்து சேர்ந்தார் ஒரு கிட்டார் கலைஞர்.

அவர் ஜான் மெக்லாலின். மின்கிட்டாரை மின்னல் வேகத்தில் வாசித்து, ஜாஸும் ராக்கும் கலந்த ‘மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா’வால் அரங்குகளை அதிரவைத்தவர். 1975 ஜூலை 5இல் நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் ஒரு கல்லூரி மேடையில் அவர் தரையில் அமர்ந்தார். கையில் மின்கிட்டார் இல்லை. கமகம் பேசுவதற்காகவே பலகை குடைந்து, ஒத்து அதிரும் ஏழு தந்திகள் சேர்த்துச் செய்த சாதா கிட்டார். பக்கத்தில் எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபலா, டி.எச். விநாயக்ராமின் கடம், ராம்நாட் ராகவனின் மிருதங்கம். குழுவின் பெயர் ‘சக்தி’. சிபிஎஸ் நிறுவனம் 1976இல் அதைத் தட்டாக வெளியிட்டது. ராக் ரசிகர்கள் இடியை எதிர்பார்த்து வந்தார்கள், கிடைத்தது கொன்னக்கோல். இது ராக்கா, ஜாஸா, இந்திய இசையா? மூன்று தட்டுகளோடு குழு கலைந்தது. கேள்வி கலையவில்லை. அது நேராகச் சென்னைக்கு வந்தது.

1986இல் இளையராஜா சினிமாவுக்கு வெளியே ஒரு தொகுப்பு வெளியிட்டார். தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கிற்கும் காணிக்கை. வி.எஸ். நரசிம்மனின் வயலின் கர்நாடக ராகத்தில் நடக்க, கீழே ஐரோப்பிய எதிர்ச்சுரங்கள் பின்னிப் போகும். எந்த அடுக்கில் வைப்பது என்று கடைக்காரர் கேட்கும் முன்பே அவர் அதைக் கேள்வியாகத் தலைப்பில் வைத்துவிட்டார்: ‘ஹவ் டு நேம் இட்?’. லண்டன் பத்திரிகைகள் இருபது ஆண்டு எழுதித் தீர்க்காத விவாதத்தை ஒரு கேசட் உறையில் முடித்த தைரியம் அது. அன்றைய தமிழ்நாட்டு ரெக்கார்டிங் சென்டர்களில் அந்தக் கேசட் போய் உட்கார்ந்த இடம் ‘இளையராஜா’ வரிசை. அதில் குழப்பமே இல்லை. எம்.எஸ்.வி. வரிசை, எஸ்.பி.பி. வரிசை, சோகப் பாட்டு, அம்மன் பாட்டு, கல்யாண நாதஸ்வரம்: நம் கடைகள் ஆளை வைத்தும் பொழுதை வைத்தும்தான் பிரித்தன. ஓசையை வைத்துப் பிரிக்கும் வழக்கம் இங்கே வேர்விடவே இல்லை. ஆனால் அடுத்த ஆண்டே லண்டனில் ஒரு மதுக்கடையின் மாடியில் அந்த வழக்கத்துக்கு வாக்கெடுப்பு நடந்தது.

1987 ஜூன் 29. இஸ்லிங்டனில் ‘எம்ப்ரஸ் ஆஃப் ரஷ்யா’ என்ற மதுக்கடை. சிறு இசைத்தட்டு நிறுவனத்தார், பத்திரிகையாளர், வானொலிக்காரர் எல்லாம் கூடினார்கள். ஆப்பிரிக்கத் தட்டு, பல்கேரியத் தட்டு, இந்தியத் தட்டு எல்லாவற்றையும் கடைக்காரர்கள் கைபோன இடத்தில் செருகிவிடுகிறார்கள். தேடி வருபவருக்குக் கிடைப்பதில்லை என்பது அவர்களின் உண்மையான கஷ்டம். பல பெயர்கள் அலசப்பட்டு, ‘வேர்ல்டு மியூசிக்’ வென்றது. 11 நிறுவனங்கள் சேர்ந்து 3,500 பவுண்டு திரட்டி, தட்டு அடுக்குகளில் செருகப் பெயர் அட்டைகள் அச்சிட்டார்கள். கூட்டத்தை நடத்தியவர்களில் ஒருவரின் பெயர் இயன் ஆண்டர்சன். ஜெத்ரோ டல் ஆண்டர்சன் அல்ல, நாட்டார் இசைப் பத்திரிகை ஆசிரியர். பிரவுன் எல்லா இசையையும் சமமாக நடத்தச் சூட்டிய பெயர், அன்றிலிருந்து மேற்கத்திய இசை நீங்கலாக மற்ற எல்லாம் என்று பொருள்பட்டது. 1992இல் கிராமி விருதிலும் அந்தப் பிரிவு சேர்ந்தது. அதன் முதல் விருதை வென்ற ‘பிளானட் டிரம்’ தொகுப்பில் விநாயக்ராமின் கடம் ஒலித்தது. அட்டைப் பெயர்களின் காலம் நிலைபெற்றது என்று எல்லோரும் நினைத்தபோது, அட்டையே இல்லாமல் போனது.

1990களின் நடுவில் எம்பி3 வந்தது. பாட்டு கோப்பாகிவிட்டது, உறை இல்லை, அடுக்கு இல்லை, கடைக்காரர் இல்லை. கோப்பின் பெயர் மாறினால் உள்ளே இருப்பது யார் பாட்டு என்றே தெரியாது. 1996இல் எரிக் கெம்ப் என்ற நிரல் எழுத்தாளர் எளிய வழி ஒன்று கண்டார். ஒவ்வொரு கோப்பின் வாலிலும் 128 பைட்டுகள். ஆரம்பக் குறிக்கு 3, தலைப்புக்கு 30, கலைஞருக்கு 30, தொகுப்புக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புக்கு 30. கூட்டினால் 127. மிச்சம் ஒரே ஒரு பைட். அந்த ஒற்றைப் பைட்டில்தான் இசையின் வகை அடங்க வேண்டும்.

ஒரு பைட்டில் ‘புரோக்ரசிவ் ராக்’ என்று எழுத முடியாது. ஓர் எண்ணை மட்டும் வைக்கலாம். ஆக, எண்களுக்கு ஒரு பட்டியல் வேண்டும். கெம்ப் 0 முதல் 79 வரை 80 வகைகளை வரிசைப்படுத்தினார். 0 ப்ளூஸ், 8 ஜாஸ், 17 ராக். புரோக்ரசிவ் ராக் அதில் இல்லவே இல்லை. முப்பது ஆண்டு விவாதித்த ரசிகர்களின் பெயர் விட்டுப்போயிருந்தது. 1997இல் வெளிவந்த ‘வினாம்ப்’ என்ற இலவசப் பாட்டுப்பெட்டி நிரல்தான் பட்டியலை நீட்டியது. அங்கே ஒரு வரியில் அது வந்து உட்கார்ந்தது. டெக்காவின் மாதிரித் தட்டு, மூடிய கம்பெனியின் உறைக் குறிப்பு, ஒரு கேலித் தட்டு, யோகானந்தரின் அடிக்குறிப்பு, எல்லாம் சேர்ந்து ஓர் எண்: 92.

அதே பட்டியலில் 12ஆம் எண்ணுக்கு ‘அதர்’ என்று பெயர், மற்றவை. தமிழ்ப் பாட்டுகள் பல போய் விழுந்த இடம் அது. வகையைக் குறிக்கும் பைட்டைக் கவனிக்காமல் பூஜ்யமாக விட்ட கோப்புகளுக்கு இன்னும் மோசம். பூஜ்யம் என்றால் ப்ளூஸ். நாதஸ்வரமும் ப்ளூஸ், டி.எம்.எஸ். பாட்டும் ப்ளூஸ், கந்த சஷ்டி கவசமும் ப்ளூஸ் என்று கணினித் திரையில் தெரிந்தது. அந்தத் திரை சீக்கிரமே கைக்குள் வந்தது, அதுவும் நம் ஊரிலேயே தயாராகி.

2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 2014 நவம்பரில் மூடும் முன்பு கோடிக்கணக்கான கைபேசிகள் அங்கிருந்து போயின. பேருந்து நிலையத்துக் கடைகளில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக்கொடுத்தார்கள். ஏற்றிய கோப்பின் வாலில் அந்த 128 பைட்டும் கூடவே ஏறியது. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாயிலும் ஒரகடம் நிசானிலும் வெளிவந்த கார்களில் பென் டிரைவ் செருகினால் அதே விவரங்கள் வந்தன. ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் சுங்குவார்சத்திரம் விடுதிக்குத் திரும்பும் பெண் காதில் கேட்கும் பாட்டுக்கும், கேன்டர்பரி இளைஞர்கள் நால்வரின் பாட்டுக்கும் ஒரே அளவு இடம்: ஒரு பைட். ஆனால் கேன்டர்பரிக்கு எண் இருந்தது. 2010இல் வினாம்ப் பட்டியலை மீண்டும் நீட்டியபோது பாங்க்ராவுக்கும் எண் கிடைத்தது. ஜெர்மன் ராக்குக்கு ஆங்கிலப் பத்திரிகைகள் வைத்த ‘கிராவுட்ராக்’ என்ற பெயருக்கும் கிடைத்தது. போலந்து பங்க் முன்பே இடம் பிடித்திருந்தது. கர்நாடக இசை வரவில்லை. கானாவும் வரவில்லை.

இடையில் பெங்களூரிலிருந்து ‘அகம்’ என்ற குழு வந்தது. ஹரிஷ் சிவராமகிருஷ்ணன் கீர்த்தனை பாட, பின்னால் மின்கிட்டாரும் டிரம்ஸும் அதிரும். யாரோ பெயர் வைக்கட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. தங்கள் இசை ‘கர்நாட்டிக் புரோக்ரசிவ் ராக்’ என்று தாங்களே அறிவித்தார்கள். 2012இல் வந்த அவர்களின் முதல் தொகுப்பிலிருந்தே அந்தப் பெயர் நிலைத்திருக்கிறது. 12ஆம் எண்ணில் விழாமல் தப்ப எளிய வழியை இவர்கள்தான் காட்டினார்கள் என்பது என் கருத்து.

2019 முதல் சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் தயாராகிறது. ஆப்பிளின் இசைக் கடையில் எண் இல்லை, பெயர்தான். அந்தப் பெயர்களில் ‘தமிழ்’ என்பதே ஓர் இசை வகை. சீர்காழி கோவிந்தராஜனும் கானா பாலாவும் சந்தோஷ் நாராயணனும் ஒரே வகை என்றாகிவிடுகிறது. 2020இல் கிராமிக்காரர்கள் ‘வேர்ல்டு மியூசிக்’ பெயரைக் கைவிட்டு ‘குளோபல் மியூசிக்’ என்று மாற்றினார்கள். 2024 பிப்ரவரி 4இல் அந்தப் பிரிவில் வென்றது, விநாயக்ராமின் மகன் செல்வகணேஷும் சங்கர் மகாதேவனும் கணேஷ் ராஜகோபாலனும் சேர, மீண்டும் கூடிய மெக்லாலின், ஜாகிர் உசேனின் சக்தி. குழு அரை நூற்றாண்டைத் தொட்டுவிட்டது. அதற்கென்று ஓர் அடுக்கு இன்னும் இல்லை.

இதில் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. எம்பி3 கோப்போடு ஏறும் அந்த 128 பைட்டுக் குறிப்புக்கு 1998இல் வந்த இரண்டாம் வடிவத்திலிருந்து வகைக்கு எண் கட்டாயமில்லை. பெயரை எழுத்தாகவே எழுதலாம், தமிழ் எழுத்தும் ஏறும். கானா, தெம்மாங்கு, ஒப்பாரி, பறையிசை, விருத்தம், நாதஸ்வரம் என்று எழுத இடம் இருக்கிறது. தமிழ்ப் பாட்டு வெளியிடும் நிறுவனங்கள் அந்தக் கட்டத்தை வெறுமனே விடக் கூடாது. நிரப்பும் முன்பு, பாடியவரிடமும் வாசித்தவரிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.